மூன்றாவது கையெழுத்து

"அதான் ஓட்டுப் போட்டாச்சே, இன்னும் எதுக்குக் கொடியும் கோஷமும்? அஞ்சு வருசம் பொறுத்திருங்க, பிடிக்கலேன்னா மாத்திப் போடுங்க."

இந்த உபதேசத்தைக் கேட்காத இயக்கத் தோழர் எவரும் இருக்க முடியாது. டீக்கடையில் கேட்கிறோம். தாசில்தார் அலுவலக வாசலில் கேட்கிறோம். நாளேடுகளின் தலையங்கத்தில் கொஞ்சம் இலக்கணச் சுத்தமாகப் படிக்கிறோம். ஜனநாயகம் என்றால் தேர்தல், தேர்தல் முடிந்தால் ஜனங்கள் வீட்டுக்குப் போய்விட வேண்டும், அதற்குப் பிறகும் தெருவில் நிற்பவன் ஜனநாயகத்துக்கு விரோதி. இது ஒரு தரப்பு.

இன்னொரு தரப்பு நம் பக்கத்திலேயே இருக்கிறது. "தேர்தலே மோசடி தோழர், சேரிக்காரன் அம்பது வருசமா ஓட்டுப் போட்டு சேரிக்கு என்ன விடிஞ்சுது?" என்று கேட்கிற மாணவத் தோழர்கள். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் இரண்டு தரப்புக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. இருவருமே ஓட்டுப் போடுகிற அந்த ஒரு நாளைத்தான் பார்க்கிறார்கள். முன்னவர் அதைக் கும்பிடுகிறார், பின்னவர் அதைக் காறித் துப்புகிறார். அந்த நாளுக்கு முன்னால் ஒரு வேட்புமனுவைத் தாக்கல் செய்வதற்குள் என்ன பாடு பட்டார்கள், அந்த நாளுக்குப் பிறகு ஒரு நாற்காலியில் போய் உட்காருவதற்கு என்ன விலை கொடுத்தார்கள் என்பதை இருவருமே பார்ப்பதில்லை.

இந்த இதழில் அதைப் பேச விரும்புகிறேன். டெல்லி, கோட்டை என்று போகாமல், நம் கால் நடந்து போகிற தூரத்தில் இருக்கிற ஊராட்சி மன்றத்தை வைத்தே பேசலாம். சின்ன அதிகாரம்தானே என்று நினைக்க வேண்டாம். அந்தச் சின்ன அதிகாரத்துக்காக நாம் கொடுத்த ரத்தம் சின்னதில்லை.

*

சட்டம் முதலில் வரும், சட்டத்தை நம்பித் தண்ணீர் குடிக்கப் போனவன் மேல் அடி பிறகு விழும். இந்த நாட்டில் தீண்டப்படாதார் வரலாறு இப்படித்தான் போயிருக்கிறது.

1923இல் பம்பாய் சட்டமன்றம், பொதுப்பணத்தில் நடக்கிற குளம், கிணறு, பள்ளிக்கூடம் எல்லாம் தீண்டப்படாதாருக்கும் உண்டு என்று தீர்மானம் போட்டது. 1924இல் மகாட் நகராட்சி, எங்கள் ஊர்ச் சவுதார் குளம் எல்லோருக்கும் பொது என்று தானும் ஒரு தீர்மானம் போட்டது. மூன்று வருசம் அந்தத் தீர்மானம் நகராட்சிப் பதிவேட்டில் பத்திரமாக இருந்தது. ஒருவரும் குளத்தில் இறங்க முடியவில்லை. 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் தலைமையில் ஆயிரக்கணக்கானவர்கள் வரிசையாக நடந்துபோய்க் கையில் அள்ளிக் குடித்தபோதுதான் அந்தத் தீர்மானத்துக்கு உயிர் வந்தது. உயிர் வந்த உடனே அதைக் கொல்லவும் ஆள் வந்தார்கள். திரும்பி வந்த மக்களை அடித்தார்கள். குளத்துக்குச் சாணமும் மூத்திரமும் கொட்டித் 'தீட்டு' கழித்தார்கள். அதே வருசம் நகராட்சி தன் தீர்மானத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய் 1937இல்தான் நம் பக்கம் தீர்ந்தது.

நம் சென்னை மாகாணத்திலும் இதுதான் கதை. பொதுச் சாலையிலும் பொதுக் கிணற்றிலும் எல்லோருக்கும் உரிமை உண்டு என்று 1924இல் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தவர் இரட்டைமலை சீனிவாசன். அதற்கு நூறு வருசம் ஆகிவிட்டது. எந்தெந்த ஊரில் எந்தெந்தத் தெருவில் இன்னமும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுக்க வேண்டியிருக்கிறது என்று வாசகத் தோழர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், இயக்கம் என்பது சட்டத்துக்கு எதிரான காரியம் என்று ஒரு பொய் தொடர்ந்து சொல்லப்படுகிறது. மகாடில் சட்டத்தின் பக்கம் நின்றவன் எவன்? நகராட்சித் தீர்மானத்தை எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றியவன் தண்ணீர் குடித்தவன்தான். தடியெடுத்து அடித்தவன்தான் சட்டத்தை மீறியவன். ஆனாலும் ஊர் அமைதியைக் கெடுத்தவன் என்ற பெயர் தண்ணீர் குடித்தவனுக்குத்தான் வந்தது.

*

அம்பேத்கரையே நமக்கு எதிராகக் காட்டுபவர்கள் உண்டு. 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் அவர் நிகழ்த்திய உரையில், அரசியல் சட்ட வழிகள் திறந்திருக்கும்போது சத்தியாக்கிரகம், ஒத்துழையாமை போன்ற முறைகளைக் கைவிட வேண்டும் என்று சொன்னார் அல்லவா, பிறகு நீங்கள் மறியல் செய்யலாமா என்று கேட்கிறார்கள். கேட்கிறவர்கள் அதே உரையின் மற்றப் பகுதியைப் படிப்பதில்லை. அரசியலில் ஒருவருக்கு ஒரு வாக்கு, ஒரு வாக்குக்கு ஒரே மதிப்பு என்று சமத்துவம் வரப்போகிறது, ஆனால் சமூக வாழ்விலும் பொருளாதார வாழ்விலும் சமத்துவமின்மை அப்படியே இருக்கப்போகிறது, இந்த முரண்பாட்டைச் சீக்கிரம் தீர்க்காவிட்டால் பாதிக்கப்பட்டவர்கள் இந்த ஜனநாயகக் கட்டடத்தையே தகர்த்துவிடுவார்கள் என்று எச்சரித்ததும் அதே உரைதான். வழி திறந்திருந்தால் என்பது அவர் போட்ட நிபந்தனை. வழியில் அரிவாளோடு ஒருவன் நிற்கும்போது வழி திறந்திருக்கிறது என்று எப்படிச் சொல்வது?

கிராமத்தைப் பற்றி அவருக்கு எந்த மயக்கமும் இருந்ததில்லை. 1948 நவம்பர் 4 அன்று அரசியல் சட்ட வரைவை முன்வைத்துப் பேசும்போது, கிராமத்தைக் குறுகிய புத்தியின் குகையாகத்தான் பார்த்தார். கிராம ராஜ்ஜியம் என்று உருகியவர்களுக்கு அது பிடிக்கவில்லை. அதற்கும் முன்பே, 1932இல் பம்பாய் சட்டமன்றத்தில் கிராமப் பஞ்சாயத்து மசோதா வந்தபோது, எல்லோருக்கும் ஓட்டுக் கொடுத்தால் மட்டும் போதாது, தீண்டப்படாதாருக்குப் பஞ்சாயத்தில் தனிப் பிரதிநிதித்துவம் வேண்டும் என்று வாதாடினார். ஊர்ப் பெரும்பான்மை எது என்பது ஓட்டுப் பெட்டி வைப்பதற்கு முன்பே சாதியால் தீர்மானமாகிவிடுகிறது என்பது அவருக்குத் தெரியும்.

அவர் கேட்டது கிடைக்க அறுபது வருசம் ஆனது. 1992இல் நிறைவேறி 1993 ஏப்ரல் 24இல் நடைமுறைக்கு வந்த 73ஆவது திருத்தம் ஊராட்சிகளில் தலித்துகளுக்கும் பழங்குடிகளுக்கும் மக்கள்தொகை விகிதப்படி இடம் ஒதுக்கியது. பெண்களுக்கும் மூன்றில் ஒரு பங்கு ஒதுக்கியது. தமிழகம் 1994இல் தன் ஊராட்சிகள் சட்டத்தை நிறைவேற்றியது. 1996இல் தேர்தல் வந்தது. பன்னிரண்டாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட கிராம ஊராட்சிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றின் தலைவர் நாற்காலி சேரிக்கு வர வேண்டிய காலம் வந்தது.

*

மேலவளவில் என்ன நடந்தது?

1996 அக்டோபரில் வேட்புமனு போட்டவர்களை மிரட்டி வாபஸ் வாங்க வைத்தார்கள். வீடுகள் எரிந்தன. டிசம்பரில் மறுபடி தேர்தல் வைத்தபோது ஓட்டுப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். டிசம்பர் 31 அன்று போலீஸ் காவலில் தேர்தல் நடந்தது. ஆதிக்கச் சாதியினர் புறக்கணித்தார்கள். முருகேசன் தலைவரானார். அவரால் ஊராட்சி அலுவலகத்துக்குள் போய் உட்கார முடியவில்லை. 1997 ஜூன் 30 அன்று மதுரை ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய்விட்டுப் பேருந்தில் திரும்பிக்கொண்டிருந்தபோது அவரும், துணைத்தலைவர் மூக்கன் உள்ளிட்ட மேலும் ஐந்து பேரும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள்.

2001இல் சேலம் நீதிமன்றம் 17 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. 2006இல் உயர் நீதிமன்றமும் 2009இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தன. 2019 நவம்பரில் அவர்களில் 13 பேரை அரசு முன்விடுதலை செய்தது. இந்த வழக்கை இத்தனை வருசம் இழுத்துக்கொண்டு போய்த் தண்டனை வாங்கிக் கொடுத்தது அரசின் அக்கறை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சாட்சிகளைக் காப்பாற்றியது, வழக்கை வேறு மாவட்டத்துக்கு மாற்றப் போராடியது, வருசாவருசம் ஜூன் 30இல் மறக்காமல் கூடியது, இவையெல்லாம் இயக்கங்களும் இயக்க வழக்கறிஞர்களும் செய்த வேலை.

பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல். இந்த நான்கு ஊர்களில் பத்து வருசம் தேர்தல் நடக்கவில்லை. நடந்தாலும் ஊர் நிறுத்திய ஆள் ஜெயித்து, ஜெயித்த கையோடு ராஜினாமா எழுதிக் கொடுத்தார். ஊரைக் கேட்டால் "நாங்க சண்டை போடலியே, தேர்தல்தானே வேணாங்கிறோம்" என்பார்கள். அரசைக் கேட்டால் சட்டம் ஒழுங்கு என்பார்கள். அரசியல் சட்டம் ஓர் ஊரின் எல்லையில் வந்து பத்து வருசம் செருப்பைக் கழற்றிக்கொண்டு நின்றது. அது இந்தியக் குடியரசுக்கு அவமானம் என்று கோட்டையில் யாருக்கும் தோன்றவில்லை. தலித் இயக்கங்களும் இடதுசாரிகளும் மனித உரிமைத் தோழர்களும் அந்த நான்கு பெயர்களை ஒவ்வொரு மேடையிலும் சொல்லிச் சொல்லி, அவமானத்தை அவமானமாக உணர வைத்தார்கள். 2006 அக்டோபரில் நான்கிலும் தேர்தல் நடந்தது. அப்போது மதுரை ஆட்சியராக இருந்த த. உதயச்சந்திரன் ஊர் மக்களோடு பேசிப் பேசி அதைச் சாத்தியப்படுத்தினார். அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அதே அதிகாரம், அதே சட்டம் 1996இலும் இருந்ததே. பத்து வருசம் அந்தப் பெயர்கள் மறக்கப்படாமல் இருந்ததால்தான் 2006இல் ஓர் ஆட்சியர் செய்வதற்கு ஒரு வேலை இருந்தது.

2021 அக்டோபர் 2 அன்று முதலமைச்சர் ஒருவர் பாப்பாபட்டி கிராமசபையில் போய் உட்கார்ந்தார். நல்ல காட்சி. படம் எடுத்தார்கள். முதலமைச்சர் போகிற ஊரில் நாற்காலி எல்லோருக்கும் கிடைக்கும். அதற்கு முந்தைய வருசம் கடலூர் மாவட்டத்தில் ஊராட்சித் தலைவரான ஒரு தலித் பெண்ணைத் தரையில் உட்கார வைத்து மன்றக் கூட்டம் நடத்திய படமும் நாடெங்கும் வந்தது. 2022 ஆகஸ்டில், தலித் தலைவர்கள் சுதந்திர தினத்தன்று கொடியேற்றுவதைத் தடுக்கக் கூடாது என்று தலைமைச் செயலாளரே மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. சுதந்திரத்துக்கு எழுபத்தைந்து வருசம் கழித்து, கயிற்றை இழுப்பதற்குக் கடிதம்.

*

நாற்காலியும் கொடியும் கண்ணுக்குத் தெரிகிற அவமானங்கள். அதனால் படம் எடுக்க முடிகிறது. கண்ணுக்குத் தெரியாத ஒன்று உண்டு. நான் வங்கியில் எழுத்தர். கவிதை எழுதுகிற நேரம் போக மீதி நேரமெல்லாம் அடுத்தவர் கையெழுத்தைச் சரிபார்ப்பதுதான் என் தொழில். ஆகவே அதை எனக்குத் தெரிந்த பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

தமிழ்நாட்டு ஊராட்சிக் கணக்கில் காசோலைக்குத் தலைவர் கையெழுத்து மட்டும் போதாது. துணைத்தலைவரும் போட வேண்டும். இரண்டு கையெழுத்தும் இருந்தால்தான் பணம். தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள், துணைத்தலைவரை வார்டு உறுப்பினர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுக்கிறார்கள். தலைவர் பதவிக்கு இடஒதுக்கீடு உண்டு. துணைத்தலைவர் பதவிக்குக் கிடையாது. இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். தலைவர் பதவி தலித்துக்கு ஒதுக்கப்பட்ட ஊரில் ஆதிக்கச் சாதியின் முழுப் பலமும் எங்கே போகும்? வார்டு உறுப்பினர்களைப் பிடித்துத் துணைத்தலைவரைக் கையில் வைத்துக்கொள்ளும். தலைவர் பதவிக்குச் செலவழிக்காத பணத்தைத் துணைத்தலைவர் பதவிக்குச் செலவழிப்பதை எத்தனை ஊரில் பார்த்திருக்கிறோம்.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு கிளையில், தலைவராக இருந்த ஓர் அம்மா மாதத்தில் மூன்று நான்கு முறை வருவார். கைப்பையில் காசோலை இருக்கும். அவர் கையெழுத்து இருக்கும். பக்கத்து இடம் காலியாக இருக்கும். "இன்னைக்காவது வந்து போட்டுட்டுப் போறேன்னாரு சார், வரலையே" என்று வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் வாங்கிய கடைக்காரன் அவர் வீட்டு வாசலில் நிற்கிறான். ஊரில் தண்ணீர் வரவில்லை என்றால் ஏச்சு யாருக்கு? "இதுக்குத்தான் இவங்க கையில குடுக்கக் கூடாதுங்கிறது" என்ற பேச்சு யாரைப் பற்றி? வெட்டவில்லை, அடிக்கவில்லை, சாதிப் பெயர் சொல்லித் திட்டக்கூட இல்லை. வெறுமனே கையெழுத்துப் போடவில்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் எந்தப் பிரிவில் இதைக் கொண்டுவருவது என்று காவல் நிலையத்தில் கேட்டால் சிரிப்பார்கள். நான் கவுண்டருக்கு உள்ளே உட்கார்ந்திருந்தேன். விதிப்படி அந்தக் காசோலையை என்னால் வாங்க முடியாது.

இதன் மறுபக்கமும் உண்டு. தலைவரின் கையெழுத்தை முன்கூட்டியே காசோலைப் புத்தகம் முழுக்க வாங்கி வைத்துக்கொண்டு, புத்தகத்தைத் துணைத்தலைவரோ பெரிய வீட்டுக்காரரோ பீரோவில் பூட்டிவைப்பது. இப்போது கணினி வழிப் பணப்பட்டுவாடா வந்துவிட்டது. மின்கையெழுத்துப் போடுகிற சின்னக் கருவி யார் பாக்கெட்டில் இருக்கிறது என்று கேளுங்கள். கருவிதான் மாறியிருக்கிறது, பாக்கெட் மாறவில்லை.

மேலவளவை இந்த வெளிச்சத்தில் திரும்பப் பாருங்கள் தோழர்களே. ஆதிக்கச் சாதி தேர்தலைப் புறக்கணித்ததால் அங்கே தலைவர், துணைத்தலைவர் இருவருமே தலித்துகள். ஒரு ஊராட்சிக் கணக்கின் இரண்டு கையெழுத்துகளும் சேரிக்கு வந்துவிட்டன. அந்த இரண்டு கைகளும் ஒரே நாளில், ஒரே பேருந்தில் வெட்டப்பட்டன. வெட்டியவர்கள் காசோலையை நினைத்து வெட்டினார்கள் என்று நான் சொல்லவில்லை. அதிகாரம் எங்கே குடியிருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது என்று மட்டும் சொல்கிறேன். நமக்குத்தான் அது இன்னும் சரியாகத் தெரியவில்லை.

*

சரி, இரண்டாவது கையெழுத்தையும் பிடித்துவிட்டால் போதுமா? துணைத்தலைவர் பதவிக்கும் இடஒதுக்கீடு வேண்டும் என்று கேட்க வேண்டும், கேட்போம். ஆனால் நம் ஆளே இரண்டு கையெழுத்தும் போட்டு, நம் ஆளே தின்றால் என்ன செய்வது? சாதி ஒழிப்புப் பேசுகிறவர்கள் இந்தக் கேள்வியைக் கண்டு மழுப்பக் கூடாது. நம் ஆள் என்பதற்காக லெட்ஜரை மூடி வைத்தால், நாளைக்கு நம் எதிரி அதே லெட்ஜரைத் திறந்து காட்டி நம் வாயை அடைப்பான்.

இதற்கு ஒரு வழியை ராஜஸ்தானில் கூலி மக்கள் கண்டுபிடித்தார்கள். அதை நம் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1990 மே 1 அன்று பீம் என்ற சிற்றூரில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் தொடங்கப்பட்டது. ஐ.ஏ.எஸ். வேலையை விட்டு வந்த அருணா ராய், நிகில் டே, சங்கர் சிங் ஆகியோர் தேவ்டுங்ரி என்ற கிராமத்தில் ஒரு குடிசையில் தங்கி, சுற்றியுள்ள கூலிக்காரர்களோடு சேர்ந்து கட்டிய இயக்கம் அது. பஞ்சகால வேலைகளில் குறைந்தபட்சக் கூலி கேட்டார்கள். "நீ அவ்வளவு வேலை செய்யலை, பதிவேட்டுல அப்படித்தான் இருக்கு" என்றான் அதிகாரி. அப்படியானால் பதிவேட்டைக் காட்டு என்றார்கள். ரகசியம், காட்ட முடியாது என்றான். கூலிக்கான போராட்டம் காகிதத்துக்கான போராட்டமாக மாறிய இடம் அது.

1994 டிசம்பர் 2 அன்று பாலி மாவட்டம் கோட்கிரானாவில் முதல் மக்கள் விசாரணை நடந்தது. எப்படியோ கிடைத்த வருகைப் பதிவேட்டையும் ரசீதுகளையும் ஊர் கூடி நிற்கும் இடத்தில் உரக்கப் படித்தார்கள். அவ்வளவுதான் செய்தார்கள். படிக்கப் படிக்க ஊர் கொந்தளித்தது. வேலைக்கே போகாதவர் பெயரில் கூலி, செத்தவர் பெயரில் கூலி, கட்டாத கட்டடத்துக்கு ரசீது. எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் எழுந்து நின்று "நான் அந்த வேலைக்கே போகலையே" என்று சொன்னபோது அரசாங்க முத்திரை போட்ட காகிதம் பொய்யானது. 1996 ஏப்ரலில் பியாவர் நகரத்தில் 40 நாள் தர்ணா இருந்தார்கள். எங்கள் பணம், எங்கள் கணக்கு என்பதுதான் கோரிக்கை. 2000இல் ராஜஸ்தானுக்கும் 2005இல் நாட்டுக்கும் தகவல் உரிமைச் சட்டம் வந்தது. ஊர் கூடிக் கணக்குக் கேட்கிற அந்த முறையே 2005இன் வேலை உறுதிச் சட்டத்தில் சமூகத் தணிக்கை என்ற பெயரில் நுழைந்தது.

நமக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. இந்தியாவிலேயே முதலில் தகவல் உரிமைச் சட்டம் போட்ட மாநிலம் எது? தமிழ்நாடு, 1997இல். முருகேசன் கொல்லப்பட்ட அதே வருசம். விதிவிலக்குகளை வரிசையாக அடுக்கிய சட்டம். அதைக் கேட்டு இங்கே ஒரு தெருவும் மறியல் செய்திருக்கவில்லை. மேலேயிருந்து வந்தது, மேலேயே இருந்துவிட்டது. ராஜஸ்தானில் ஜனங்கள் தெருவில் உட்கார்ந்து வாங்கிய சட்டம் நாட்டையே மாற்றியது. அதனால்தான் அதன் பல்லைப் பிடுங்குகிற வேலையும் நடக்கிறது. 2019இல் தகவல் ஆணையர்களின் பதவிக் காலத்தையும் சம்பளத்தையும் மத்திய அரசு தன் கைக்குள் கொண்டுவந்தது. 2023இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனிநபர் தகவல் என்று சொல்லி மறுப்பதற்கான விதிவிலக்கை அகலமாக்கியது. கூலிப் பதிவேட்டில் இருப்பது பெயர்கள்தானே? பெயரைப் படிக்கக் கூடாது என்றால் கோட்கிரானாவில் எதைப் படித்திருப்பார்கள்? இயக்கம் வாங்கித் தந்ததை இயக்கம்தான் காக்க வேண்டும். வேறு யாரும் காவல் இருக்க மாட்டார்கள்.

*

இனி நம் பக்கம் பார்ப்போம்.

கிராமசபைக்கு ஒரு பதிவேடு இருக்கிறது. வருசத்தில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று நான்கு நாள் கூட்டம் இருந்தது. 2022இல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகியவற்றையும் சேர்த்து ஆறாக்கினார்கள். கூட்டத்துக்கு வந்தவர்கள் அதில் கையெழுத்துப் போட வேண்டும், தீர்மானங்கள் அதில் ஏற வேண்டும். நடப்பது என்ன? கூட்டத்துக்கு இருபது பேர் வருவார்கள். மறுநாள் ஊராட்சிச் செயலர் நூறு நாள் வேலை நடக்கிற இடத்துக்குப் பதிவேட்டைக் கொண்டுபோவார். "இதுல ஒரு கையெழுத்துப் போடும்மா." போடுவார்கள், கைநாட்டு வைப்பார்கள். தீர்மானம் எழுத வேண்டிய பக்கம் வெறுமையாக இருக்கும். பிறகு நிரம்பும். வங்கிக்கு வருகிறவர்களிடம் எழுதாத காசோலையில் கையெழுத்துப் போடாதீர்கள் என்று தலைதலையாக அடித்துக்கொள்கிறேன். ஒரு சேரியே எழுதாத பக்கத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறது.

இதைத்தான் மூன்றாவது கையெழுத்து என்கிறேன். தலைவர் கையெழுத்து ஒன்று, துணைத்தலைவர் கையெழுத்து இரண்டு, ஊர் ஜனங்களின் கையெழுத்து மூன்று. முதல் இரண்டும் இல்லாமல் பணம் நகராது. மூன்றாவது இருந்தால்தான் அந்தப் பணம் எங்கே நகர்ந்தது என்று கேட்க முடியும். அது நம் கையில்தான் இருக்கிறது. நாம்தான் அதை வெறும் தாளில் தானமாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

ஓட்டு என்பது ஐந்து வருசத்துக்கு ஒருமுறை ஒருவருக்குக் கொடுக்கிற அதிகாரப் பத்திரம். கொடுத்தவன் கணக்குக் கேட்காவிட்டால் அந்தப் பத்திரம் யாரிடம் போய்ச் சேரும் என்பது எந்த அடகுக்கடைக்காரருக்கும் தெரியும். கணக்குக் கேட்பது தனியாளால் முடியாது. தனியாகப் போய்க் கேட்டவனுக்கு மறுநாள் வேலை கிடைக்காது, ஆட்டுக்குத் தண்ணீர் கிடைக்காது. இருபது பேர் சேர்ந்து போனால்தான் கேட்க முடியும். அந்த இருபது பேரைச் சேர்த்துவைத்திருப்பதற்குத்தான் இயக்கம்.

இங்கே நம் இயக்கங்களைப் பற்றியும் பேச வேண்டியிருக்கிறது. தேர்தலைப் புறக்கணித்து நின்ற விடுதலைச் சிறுத்தைகள் 1999இல் தேர்தல் அரசியலுக்கு வந்தார்கள். அந்த முடிவைப் பற்றி அப்போது நடந்த விவாதங்களை மூத்த தோழர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நான் அந்த முடிவைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. சட்டமன்றத்தில் நம் குரல் வேண்டும், பாராளுமன்றத்தில் வேண்டும். என் கேள்வி வேறு. இயக்கம் கட்சியாகும்போது இயக்கம் செய்துவந்த வேலையை யார் செய்வது? கட்சிக்குக் கூட்டணி உண்டு, கூட்டணிக்கு ஒரு மௌனம் உண்டு. கூட்டணிக் கட்சியின் ஒன்றியச் செயலாளர்தான் அந்தத் துணைத்தலைவர் என்றால், காலியாக இருக்கும் அந்த இரண்டாவது கையெழுத்தைப் பற்றி யார் கேட்பது? எந்தக் கட்சிக்கும் இது பொருந்தும். ஆகவே கட்சி இருக்கட்டும், கட்சிக்கு வெளியே கணக்குக் கேட்கிற அமைப்பும் ஊருக்கு ஊர் இருக்கட்டும். இரண்டும் ஒன்றையொன்று சந்தேகித்துக்கொண்டே இருந்தால் இரண்டுமே ஆரோக்கியமாக இருக்கும்.

இன்னொன்று. அடித்தள இயக்கம் என்று நாம் சொல்லிக்கொள்கிற அமைப்புகளின் மேடையில் பெண்கள் எத்தனை பேர்? அருந்ததியர் தோழர்கள் எத்தனை பேர்? ஊராட்சிகளில் பாதி இடம் பெண்களுக்கு என்று 2016இல் தமிழகத்தில் சட்டமானது. நம் ஆண் தோழர்களில் சிலர் செய்தது என்ன? மனைவியின் நாற்காலியில் தாங்கள் போய் உட்கார்ந்தார்கள். துணைத்தலைவர் நம் தலைவரின் கையெழுத்தைப் பறிப்பதும், கணவன் மனைவியின் கையெழுத்தைப் பறிப்பதும் ஒரே காரியம்தான். முன்னதைக் கண்டு கொதிக்கிறவன் பின்னதைக் கண்டு சிரித்துக்கொண்டு போக முடியாது.

*

தேர்தலே இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட்டோம். 2016இல் நடக்க வேண்டிய ஊராட்சித் தேர்தல் மூன்று வருசத்துக்கு மேல் நடக்கவில்லை. 2019 டிசம்பரில் 27 மாவட்டங்களில் நடந்தது, மீதி ஒன்பது மாவட்டங்களுக்கு 2021 அக்டோபர் ஆனது. அந்த 27 மாவட்டங்களில் பதவிக் காலம் 2025 ஜனவரியில் முடிந்தபோது மறுபடியும் தனி அலுவலர்கள் கைக்கு ஊராட்சிகள் போயின. பாப்பாபட்டியில் பத்து வருசம் ஓர் ஊர் செய்ததை, மாநிலம் முழுக்க மூன்று வருசம் அரசும் நீதிமன்ற வழக்குகளும் சேர்ந்து செய்தன. அப்போது எந்தத் தெருவும் கொதிக்கவில்லை. "தேர்தலே மோசடி" என்று சொல்கிற மாணவத் தோழர்கள் இதை யோசிக்க வேண்டும். தேர்தல் பயனற்றது என்றால் அதைத் தள்ளிப்போடுவதில் அவர்களுக்கு இத்தனை அக்கறை எதற்கு?

கல்லூரி முடித்து ஊருக்குப் போகிற தோழர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். பெரிய வேலை இல்லை. அடுத்த கிராமசபைக்கு உங்கள் தெருவிலிருந்து இருபது பேரை, அதில் பாதிப் பேர் பெண்களாக, கூட்டிக்கொண்டு போங்கள். ஊராட்சியில் 501 முதல் 3,000 பேர் வரை இருந்தால் கூட்டத்துக்கு 100 பேராவது வர வேண்டும் என்பது விதி. வந்திருக்கிறார்களா என்று எண்ணுங்கள். வரவு செலவுக் கணக்கை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். "நேரமில்ல, அப்புறம் பாத்துக்கலாம்" என்பார்கள். உட்கார்ந்துகொள்ளுங்கள். சேரிக்கு வந்த பணம் எவ்வளவு, அதில் காசோலையாகாமல் நிற்பது எவ்வளவு, யார் கையெழுத்துக்காக நிற்கிறது என்று கேளுங்கள். அந்தக் கேள்வியையும் வந்த பதிலையும் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். எழுதி முடித்து, எழுதியதைப் படித்துக் காட்டிய பிறகு கையெழுத்துப் போடுங்கள். பக்கத்தில் கைநாட்டு வைக்கிற ஆத்தாவுக்கும் அதைப் படித்துச் சொல்லுங்கள். மறுநாள் வேலை நடக்கிற இடத்துக்குப் பதிவேடு வந்தால் யாரும் கை வைக்க வேண்டாம் என்று சொல்லிவையுங்கள்.

என்ன நடந்தது என்று இந்த இதழுக்கு எழுதுங்கள். கவிதையாக எழுத வேண்டாம், கணக்காகவே எழுதுங்கள். எந்த ஊர், எந்தத் தேதி, எத்தனை பேர், என்ன கேட்டீர்கள், என்ன சொன்னார்கள். வருகிற இதழ்களில் கவிதைக்கு ஒதுக்குகிற பக்கங்களில் பாதியை அதற்கு விட்டுத்தருகிறேன்.